வகுப்புக்கு வெளியே ஒரு நாற்காலி

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் நான் வெளியே வராந்தாவில் இருக்க வேண்டும். அவளுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். அவள் கத்தினாலோ எழுந்து ஓடினாலோ டீச்சரால் சமாளிக்க முடியாது, அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார்கள். இடம் கிடைத்ததே பெரிது என்று தலையாட்டினேன். ஒத்தக்கடையைச் சுற்றி அதற்கு முன் நாங்கள் ஏறி இறங்கிய பள்ளிகளிலெல்லாம், அவளைப் பார்த்த பிறகுதான் சீட் முடிந்துபோனது அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

காலையில் அவளை உள்ளே விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். ஆயாம்மா பெருக்க வரும்போது நாற்காலியோடு நகர்ந்துகொள்வேன். டீச்சர்கள் ஆரம்பத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போகப்போக, தூணைத் தாண்டிப் போவதுபோல் போனார்கள். சாயங்காலம் கேட் பக்கத்தில் மற்ற அம்மாக்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு நான் அருகே போனால் பேச்சு சற்றுத் தணியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக எதுவும் வரவில்லை. பரீட்சை நேரம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலையில் எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் உடையில் வந்து இறங்கியபோதுதான், நானில்லாத இன்னொரு குழு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. என் மகள் மட்டும் யூனிஃபார்மில் இருந்தாள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான்தான் அன்று கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

இரண்டாம் வகுப்புப் பாதியில் பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பினார். "மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளைண்ட் பண்றாங்க மேடம். டீசி வாங்கிட்டு ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார்.

என் கணவர் ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே, "விடு, வேற எங்கயாச்சும் பாப்போம்" என்றார். உசிலம்பட்டியில் இருக்கும் என் அம்மா போனில், "எதுக்குத்தா இம்புட்டுச் சீரழியிற? வீட்டுலயே வச்சுப் பாத்துக்க" என்றாள். இரண்டு பேருக்கும் என் மேல் பிரியம் உண்டு. ஆனால் மறுநாளும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே நாற்காலி இழுபடும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

மகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லித்தான் அந்த அமைப்பைப் பற்றித் தெரிந்தது. டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணையாகப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை.

பிறகு சொன்னார்: "டீசிய நீங்களாப் போய் வாங்கிறாதீங்கக்கா. இந்தக் காரணத்தச் சொல்லிப் பிள்ளைய வெளிய அனுப்ப முடியாது. சட்டம் இருக்கு."

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க."

"வாரேன். பக்கத்துல உக்காருவேன். ஆனா பேசப்போறது நீங்கதான். நான் ஒருநாள் வந்துட்டுப் போயிருவேன். மறுநாளும் அங்க போய் நிக்கணுமே நீங்க."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டை போட ஆள் கிடைக்கும் என்று நம்பித்தான் போயிருந்தேன். அவரோ என்னிடமே கேட்டார்: "பாப்பா எப்பக்கா கத்துறா?"

ஏன் கத்துகிறாள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், பதிலுக்குக் காத்திராமல். எப்போது என்று ஒருவரும் கேட்டதில்லை. யோசித்தேன். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. பீரியட் முடிந்து மணி அடிக்கும்போது கத்துவாள். கரண்டு மணி அவளுடைய வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருந்தது. அது அடித்தால் எனக்கே நெஞ்சு அதிரும்.

பேசப்போன அன்று கணவர் என்னையும் மகளையும் பைக்கில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை. "நான் வந்தா கோவத்துல எதாச்சும் சொல்லிருவேன்" என்று எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பயம் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் இருந்தது.

பிரின்சிபல் பழையபடியே சொன்னார். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அந்த அமைப்புப் பெண் எனக்காகப் பேசுவார் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நான் டீசி வாங்கலைங்க மேடம். இவள இங்க வச்சுக்க முடியாதுன்னா அத எழுத்துல குடுங்க. அவ மணி அடிக்கிறப்பத்தான் கத்துறா. ஒண்ணரை வருசமா வெளிய உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஓரத்தில் நின்ற வகுப்பு டீச்சர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மெதுவாகச் சொன்னாள்: "ஆமா மேம். மத்த நேரம் அவ பாட்டுக்கு இருப்பா."

எழுதிக் கொடுக்க பிரின்சிபலுக்கு மனமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, அந்தக் கடைசி ரூமுக்கு மாத்திப் பாப்போம்" என்றார். அடுத்த வாரம் வகுப்பு, மணிச் சத்தம் அவ்வளவாக எட்டாத அந்த அறைக்கு மாறியது. மாதம் முடிவதற்குள், இனிமேல் நான் வெளியே இருக்கத் தேவையில்லை என்று டீச்சரே சொல்லிவிட்டாள்.

சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பகல்களுக்கு நான் தயாராக இல்லை. வீட்டு வேலை பத்து மணிக்கே முடிந்துவிடும். யாரையாவது கூப்பிட்டுப் பேசலாம் என்று போனை எடுப்பேன். எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எந்த எண்ணை அழைத்தாலும் முதலில் ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அதற்குத் தெம்பில்லாமல் போனை வைத்துவிடுவேன். கூடப் படித்தவர்கள், நாத்தனார், கோச்சடையில் முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவள் என்று ஒவ்வொருவராக எப்போது விலகிப்போனார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர்கள் விலகினார்களா, நானா என்பதும் தெரியவில்லை.

கடைசியில் அந்த மாடி அறைக்குத்தான் போன் பண்ணினேன். "எழுமலைல ஒரு அம்மா அடுத்த வாரம் பிள்ளைக்கு ஸ்கூல்ல எடம் கேக்கப் போறாங்கக்கா. எனக்கு அன்னைக்கு வேற இடம். நீங்க கூடப் போறீங்களா?" என்று கேட்டார் அவர்.

பஸ் பிடித்துப் போனேன். அந்தப் பெண் கடலைக் காட்டில் கூலிக்குப் போகிறவள். அவள் மகளும் என் மகளைப் போலத்தான், எட்டு வயதாகியும் பள்ளியைப் பார்த்ததில்லை. வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். பள்ளி அலுவலகத்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையைக் குனிந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் நானே பேசினேன். "ஜூன்ல வாங்க, பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் சொன்னாள்: "நீங்க வந்ததே போதும்க்கா."

போதாது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பேசவிட்டிருக்கலாமோ என்று உசிலம்பட்டி வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூனில் மறுபடி போனோம். இந்தமுறை அவளே பேசினாள், இரண்டே வாக்கியம். மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தில் சில நாள் மட்டும், அரை நேரம். மற்ற நாட்களில் அந்தக் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது.

என் மகள் இப்போது நான்காம் வகுப்பு. கத்துவது அநேகமாக நின்றுவிட்டது. சிநேகிதி என்று யாரும் இல்லை. இடைவேளையில் சுவரோரமாக நடந்துகொண்டிருப்பாள் என்கிறார் டீச்சர்.

சில மத்தியானங்களில் எழுமலைக்காரி போன் பண்ணுவாள். "சாப்டீங்களாக்கா?" என்பாள். நானும் கேட்பேன். அதற்கு மேல் பேச எங்களுக்கு அதிகம் இருக்காது. அவள் வீட்டில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருப்போம்.