மாமா வீட்டு இருநூறு லிட்டர் கடல்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டே தூங்குகிறவருக்குக்கூட விழிப்பு வராது. அப்பேர்ப்பட்ட மனுஷர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சின்னக் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். முதல் தடவை பார்த்தபோது எதிர்வீட்டை வேவு பார்க்கிறார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது உப்பு பார்க்கும் கருவி. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், ஆயிரம் பங்கில் உப்பு எத்தனை பங்கு என்று காட்டும். முப்பத்தைந்து என்றால் அக்காவுக்கு நிம்மதி. முப்பத்தாறு என்றால் அந்த வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது.

முன் அறையில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிதான், ஆனால் மாமா அதைத் தொட்டி என்று சொல்லவிட மாட்டார். டிவி சமையலறைக்குப் போய்விட்டது. அக்கா அழுவது சீரியலுக்கா வெங்காயத்துக்கா என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கடலுக்குள் ஆரஞ்சு மீன் இரண்டு உண்டு. ஆனாலும் ராஜா பவளம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டாக வாங்கி ஒரு கல்லில் ஒட்டினார். இப்போது காலிஃபிளவர் சைஸ். உடம்பெல்லாம் பச்சை விரல்களை நீட்டிக்கொண்டு ஆடும். அது கல் இல்லை, உயிர் என்று மாமா எனக்கு ஒரு லட்சம் தடவையாவது சொல்லியிருப்பார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருபது லிட்டர் தண்ணீர் மாற்றுவார். கண்ணாடிக் குப்பியில் கடல் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையிலுள்ள ரோஸ் கட்டங்களோடு ஒத்துப் பார்த்து, அழுக்கு எவ்வளவு என்று சொல்லுவார். நான் சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறவன். என் தொழிலிலேயே ரோஸில் இத்தனை ரகம் பார்த்ததில்லை.

போன மாசம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அக்கா துணைக்குப் போய்விட்டாள். வீட்டுச் சாவி என்னிடம் வந்தது. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"மாப்ள, கண்ணாடியில கோடு போட்டிருக்கேன். தண்ணி அதுக்குக் கீழ இறங்கினா வெள்ளை டிரம்லேருந்து ஊத்து. நீல டிரம் பக்கமே போகாத."

வெள்ளை டிரம்மில் வடிகட்டின வெறும் தண்ணீர். நீல டிரம்மில் ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதற்காக உப்பு கரைத்தது. நான் என் மகா மூளையைப் பயன்படுத்தினேன். கடல் மீனுக்கு வெறும் தண்ணீரா? பாவம், மயக்க மருந்தில் மாமா உளறுகிறார்! தினமும் நீல டிரம்மிலிருந்தே கோடு வரைக்கும் ஊற்றினேன்.

புண் ஆற நாளானதால் பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தார். தினமும் போனில் "ஊத்தினியா மாப்ள?" என்பார். "ஊத்தியாச்சு மாமா" என்பேன். எந்த டிரம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. பத்தாம் நாள் பவளம் விரலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிவிட்டது. மாமாவைக் காணாத ஏக்கம் என்று நினைத்து, அவர் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். போட்டோவைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், குழாயைக் கண்ணில் வைத்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார். "எந்த டிரம் மாப்ள?"

"நீலம் மாமா. கடல் மீனாச்சேன்னு..."

"ஆவியாப் போறது தண்ணிதான்டா. உப்பு அப்படியேதான் கிடக்கும். அதுக்கு மேல நீ தினமும் உப்பை ஊத்தியிருக்க."

வெள்ளை டிரம்மையே அலாக்காகத் தூக்கப் போனேன்.

"வெச்சுடு கீழ! பன்னண்டு நாளா ஏறினதை ஒரே நாள்ல இறக்கினா மிச்ச உயிரும் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். அந்த ஜக்கை எடு."

அவரே எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "ஒரு டம்ளர் தூக்கினாலும் தையல் பிரிஞ்சுடும். தம்பி தூக்கட்டும். கெடுத்தவன் அவன்தானே?"

அப்புறம் ஆறு நாள் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. மாமா வயிற்றில் தலையணையை அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கடலிலிருந்து ஒரு லிட்டர் ஜக்கில் மொண்டு வெளியே ஊற்றுவேன். வெள்ளை டிரம் தண்ணீர் ஒரு ஜக், என் உள்ளங்கையில் விழுந்து நூலாக வழிகிற மாதிரி உள்ளே ஊற்றுவேன். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஐந்து. அதற்கு மேல் அரை டம்ளர்கூட விடமாட்டார். சாயங்காலம் குழாயைப் பார்த்து "நாப்பது" என்பார். மறுநாள் "முப்பத்தொம்பது." எனக்கோ ஒவ்வொரு நம்பரும் இறங்க ஒரு யுகம் ஆனது.

மூன்றாம் நாள் பவளத்தின் ஒரு பக்கம் சதை கழன்று வெள்ளை எலும்பாகிவிட்டது. மாமா ஒரு டியூபை நீட்டி, கழன்ற சதையை மட்டும் உறிஞ்சி எடுக்கச் சொன்னார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டேன்.

"மாமா, ஒரு அறை விட்டுடுங்க. எனக்காச்சும் மனசு ஆறும்."

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உன் கன்னம் வெயிட்டு."

ஆறாம் நாள் முப்பத்தைந்து. மறுநாள் மதியம் ஒரே ஒரு பச்சை விரல் எட்டிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி பவளம் விரித்துவிட்டது. வெள்ளையான பக்கம் வெள்ளையாகவே நின்றுவிட்டது.

அந்த வாரம் டிப்போவிலிருந்து நாலு டிரைவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தர் அந்த வெள்ளையைக் காட்டி, "இது என்னண்ணே, இப்படி ஆயிடுச்சு?" என்றார். நான் சமையலறைக்குள் ஒதுங்கி டிவிக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன்.

"நான் இல்லாதப்ப உப்பு ஏறிடுச்சுப்பா" என்றார் மாமா. "நம்ம மாப்ளதான் ஆறு நாள் வேலைக்குப் போகாம ஜக்கு ஜக்கா இறக்கிக் காப்பாத்தினான். இல்லைன்னா மொத்தமும் போயிருக்கும்."

உப்பு ஏறியது எப்படி என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள்.

"முதல்ல எல்லாருக்கும் டீ கொண்டா" என்றார் மாமா.

அக்காவை உட்காரவைத்துவிட்டு டீயை நானே போட்டேன். டப்பாவில் இருப்பது சர்க்கரைதானா என்று மூன்று தடவை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.