அக்கா எதிரில் சொல்லாதது

என் வீட்டுக்காரர் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து, கிளை முறிந்து, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். வல்லத்தில் எங்கள் நிலத்து மரம் அது. ஏறாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், என் பேச்சை என்றைக்குக் கேட்டார்? செஞ்சியில் எக்ஸ்ரே பார்த்ததும், அசையாமல் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு எலும்பு நொறுங்கிச் சிதறி, துண்டுகள் நரம்புப் பக்கம் தள்ளியிருந்தன. நரம்பு தப்பியிருந்தால் படுக்கையும் பெல்ட்டும் போதுமாம். அழுத்தியிருந்தால் உடனே ஆபரேஷனாம், தள்ளிப்போட்டால் நடக்க முடியாமலே போகலாமாம்.

கால் விரல்களை ஆட்டச் சொன்னார். ஆடின.

"யூரின் போச்சாய்யா?"

"போச்சு சார்."

கட்டிலைச் சுற்றி வீட்டுக்காரருடைய அக்கா, அக்கா மருமகன், தொண்டூர் சொந்தம் என்று ஊரே நின்றது. அடிபட்டவரை விட்டு நகராமல் நிற்பதுதான் எங்கள் பக்கத்துப் பாசம். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. விழுந்ததிலிருந்து கூடவே இருக்கிறேன், இந்த மனுஷன் எப்போது போனார்? போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடிவயிறு கல்லாட்டம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன்.

"இன்னாமா, எங்களயே வெரட்டற?" என்றார் நாத்தனார். பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வரலடி. வுழுந்ததுலேருந்து வரல. அங்க தொட்டாலும் தெரியல. அக்கா எதிர்ல எப்டி சொல்லுவேன்?"

அடப்பாவி மனுஷா! டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து சோதித்துவிட்டு, நரம்பு அழுந்தியிருக்கிறது, அதனால்தான் யூரின் வரவில்லை, உடனே ஆபரேஷன் என்றார். துண்டுகளை நரம்பிலிருந்து விலக்கி, கம்பியும் ஸ்க்ரூவும் போட்டு எலும்பை நிறுத்த வேண்டும்.

"நடப்பாரா சார்?"

"பாக்கலாம்மா."

அந்த ஒரு சொல்லில் பாதி செத்தேன்.

தியேட்டர் வாசலில் அவர் நெற்றியைத் தடவி, "ஒண்ணும் ஆவாதுய்யா, தைரியமா போயிட்டு வா" என்றேன்.

என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "திட்டுடி. நீ இப்டி மெல்லமா பேசினா பயமா இருக்குது."

வாய் நிறைய வசவு வைத்திருப்பவள் நான். ஒன்றுகூட வரவில்லை.