மீன் மார்க்கெட் ராப்

ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டதால் ஜனங்கள் நடுரோட்டில் நடக்கிறார்கள். தொளதொள டீ-ஷர்ட் போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி மைக் பிடித்து ராப் பாடுகிறாள். பாட்டு முழுக்க மீன் மார்க்கெட் சண்டை. கூட்டம் கைதட்டித் தாளம் போடுகிறது.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு நிற்கும் அம்மாவிடம், "பாட்டு புரியுதாம்மா?" என்கிறேன்.

"புரியாம என்னா? எம் பொண்ணுதான். நான் மார்க்கெட்ல பேசுறத அப்படியே பாடுறா. வீட்ல பாடுனா திட்டுவேன். இன்னிக்குதான் நின்னு கேக்குறேன்."

அந்த நேரம் மகள் அம்மாவைப் பார்த்துவிடுகிறாள். வரி மறந்து நிற்கிறாள்.

"செவுளத் தூக்கிப் பாத்துட்டு அப்புறம் பேசுய்யா" என்று அம்மா மார்க்கெட் குரலில் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. மகள் சிரித்துக்கொண்டே, "எங்கம்மா" என்று மைக்கில் சொல்கிறாள்.