அன்றைக்கு மழை இல்லை

நீலமேகத்தைப் பற்றி எங்கள் கோவில்பத்துப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். விசா வந்துவிட்டது என்று எந்த வீட்டிலாவது பிரியாணிச் சட்டி அடுப்பில் ஏறினால் போதும், கூப்பிடாமலே போய் நிற்பான். கிளம்புகிறவன் தோளில் கையைப் போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

“லீவு நாள்ல கூட்டாளிங்களோட மலைப்பக்கம் தங்கப் போவீங்கல்ல, போங்க, வேணாங்கல. எங்க போறோம்னு ரூம்ல ஒருத்தர்ட்டயாவது சொல்லிட்டுப் போங்க. ஒத்த வண்டில போவாதீங்க. தண்ணி நெறைய எடுத்துக்கங்க. ஆத்துமணலு மெத்த மாரி இருக்கும், அதுல மட்டும் படுத்துறாதீங்க. மேட்டுல படுங்க. கல்லு குத்துனாலும் பரவால்ல.”

அரபு நாட்டில் ஏது ஆறு என்று பையன்கள் கேலி செய்வார்கள். மலையிலிருந்து இறங்கும் காய்ந்த ஆறுகள் அங்கே உண்டு, வாதி என்பார்கள் என்று பொறுமையாகச் சொல்லுவான். அதற்கு மேல் ஒருவன் வாயைத் திறந்து, “மழ பேஞ்சா சரிண்ணே, மழ இல்லாதப்ப படுத்தா என்ன?” என்று கேட்டுவிட்டால் முகம் கருத்துவிடும். “சொன்னா கேளுங்களேன்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, பிரியாணியைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நான் ஜெகபர் சாதிக். ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஓமனிலிருந்து திரும்பியதிலிருந்து நீலமேகம் என்னிடம்தான் வேலை செய்கிறான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவனோடு நாள் முழுக்க இருப்பது லேசான காரியம் இல்லை. எதற்கெடுத்தாலும் தப்பு தன்னுடையது என்பான். வழியில் இடித்தவனிடம் இவன் மன்னிப்புக் கேட்பான். கம்ப்ரஸர் போய்விட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது சாவு வீட்டில் நிற்பவன் மாதிரி நிற்பான். எனக்கோ வாய் நீளம், பொறுமை குட்டை. “கொலை பண்ணிட்டு வந்தவன் மாதிரி ஏண்டா முழிக்கிற?” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்படி ஆனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓமனில் அவனுக்கு ஓர் உயிர்க் கூட்டாளி, திருவேட்டக்குடி கலைவாணன். இவன் போலகம் ஊர் விவசாயக் குடும்பம், அவன் கடலுக்குப் போகிற குடும்பம். ஒரே கம்பெனி, ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. ஒரு லீவுக்கு இரண்டு பேரும் மலைப்பக்கம் தங்கப் போனார்கள். ராத்திரி காட்டாறு வந்து கலைவாணனை அடித்துக்கொண்டு போய்விட்டது. சவப்பெட்டியோடு ஊருக்கு வந்தவன் நீலமேகம். பெட்டியை இறக்கிய கையோடு கலைவாணன் மனைவி பூங்கொடியிடம் அவன் சொன்னதை அன்றைக்குத் திருவேட்டக்குடியே கேட்டது.

“மழ கொட்டுது, ஆத்துல படுக்காதடான்னு சொன்னேன் தங்கச்சி. அவன்தான் கேக்கல.”

அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் பூங்கொடி இத்தனை வருடம் வாழ்ந்தாள். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளை வைத்துக்கொண்டு மீன் கூடையைத் தூக்கியவள் அவள். கஷ்டம் வரும்போதெல்லாம் புருஷனைத் திட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன், பிடிவாதக்காரன், பிள்ளையை நினைக்காதவன் என்று திட்டினாள். மற்ற வீடுகளில் செத்தவர் படத்துக்கு மாலை தொங்கும். அவள் வீட்டில் கலைவாணன் படம் பீரோவுக்குள் புடவைக்கு அடியில் கிடந்தது. மகள் பாரதிப்ரியா ஏதாவது அடம் பிடித்தால், “அப்பன் புத்தி” என்று அடி விழும்.

நீலமேகம் அந்த வீட்டுக்கு அண்ணனாகவே ஆகிவிட்டான். தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு போவான். பாரதிப்ரியாவை நர்சிங் காலேஜில் சேர்க்க அலைந்தது அவன்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கூட்டாளியா என்று ஊர் மெச்சியது, நானும் மெச்சினேன். மெச்சும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அதையும் நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாரதிப்ரியாவுக்கு வேலை கிடைத்ததும் ஓமனில்தான். வேண்டாம் என்று நீலமேகம் தலைகீழாக நின்று பார்த்தான். கத்தாரைப் பார்ப்போம், குவைத்தைப் பார்ப்போம் என்றான். “அப்பா போன ஊரு மாமா, நானும் ஒரு தடவ பாத்துர்றேனே” என்று அவள் சிரித்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்திருந்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பூங்கொடி விற்றது போக மீதி மீனோடு கடை வாசலில் அன்னக்கூடையை இறக்கினாள். வீடு திரும்பும் வழியில் எங்கள் கடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிப்பது அவள் வழக்கம். கையில் போன் அடித்தது. மகள்தான், வீடியோவில் வந்தாள்.

“ம்மா, கூடாரம் பாத்தியா? நாங்களே போட்டோம்!” நாலைந்து நர்சுகள் பின்னால் நின்று கை ஆட்டினார்கள். நீலக் கூடாரம், வெள்ளை மணல், இரண்டு பக்கமும் மொட்டை மலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“அண்ணே, ஒங்க மருமவ கூத்தப் பாருங்க” என்று பூங்கொடி போனை நீலமேகத்திடம் நீட்டினாள். அவன் கையில் இருந்த கேஸ் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு வாங்கினான். பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“பாப்பா, நீ நிக்கிறது ஆறு. மேல ஏறு.”

“ஆறு இல்ல மாமா, காஞ்சு கெடக்கு. எவ்ளோ மெத்துனு இருக்கு தெரியுமா?”

“பின்னாடி ஒரு மரம் நிக்குதுல்ல, அதுல ஒன் தலைக்கு மேல சருகும் பையும் சிக்கிக் கெடக்கு பாரு. அது காத்துல பறந்து வந்து சிக்குனது இல்ல. தண்ணி அவ்ளோ ஒசரம் வந்துருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் போனைத் தூக்கி வானத்தைக் காட்டினாள். துடைத்து வைத்த மாதிரி நீலம், பொட்டு மேகம் இல்லை. “எங்க மாமா மழ? அப்பா போனப்ப மழ கொட்டுச்சு, நீங்கதான சொன்னீங்க. மழையப் பாத்தும் போய்ப் படுக்க நாங்க என்ன அப்பாவா? ஒரு தூறல் விழுந்தாக்கூட எந்திரிச்சிருவோம், சரியா?”

பூங்கொடி சிரித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஆற்றுக்குத் தண்ணீர் வருவது என்ன ரகசியமா? மேட்டூர் திறந்தால் பேப்பரில் வரும், டிவியில் வரும். அதற்கப்புறம் நாள் கணக்காகக் காத்துக் கிடந்தால்தான் கடைமடையான எங்களுக்கு வந்து சேரும். வரும்போதும் சருகைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, மணலை நக்கிக்கொண்டு மெதுவாகத்தான் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் நடந்தே வருவார்கள். அந்த நினைப்பில், “வுடு நீலமேகம், மழையே இல்ல. தண்ணி என்ன சொல்லாமக் கொள்ளாமயா வந்துரப் போவுது?” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு பூங்கொடியைப் பார்த்தான்.

“பாப்பா, அன்னிக்கு மழ இல்ல.”

“என்ன மாமா?”

“ஒங்க அப்பா போன அன்னிக்கு மழ இல்ல. இப்ப நீ காட்டுன மாரிதான் வானம் இருந்துச்சு. மழ எங்கயோ மலைக்கு அந்தாண்ட பேஞ்சிருக்கு. எங்களுக்கு இடிச் சத்தம்கூடக் கேக்கல. ஜல்லி லாரி கொட்டுற மாரி ஒரு சத்தம், அவ்ளோதான், தண்ணி வந்துருச்சு. நான் ஒண்ணுக்குப் போவ மேல ஏறுனவன், பொழச்சுட்டேன்.” மூச்சு வாங்கினான். “அவன் வேணான்னுதான் சொன்னான். அந்த மணல்ல பாயை விரிச்சு அவனப் படுக்க வெச்சது நான். நான்தான் பாப்பா. மாத்திச் சொல்லிட்டேன். மேல ஏறும்மா, ஒன் கால்ல வுழுறேன்.”

போனில் பாரதிப்ரியாவின் முகம் அசையாமல் இருந்ததால் சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவள் கேட்டாள்.

“அப்பா வேணான்னாரா?”

“வேணான்னான்.”

படம் ஆடியது. “கூடாரத்தப் பிரிங்கடி, மேல போவணும்” என்று அவள் கத்துவது கேட்டது. மணல், ஒரு செருப்புக் கால், மறுபடி மணல். அத்தோடு போன் நின்றுவிட்டது.

பூங்கொடி கத்துவாள், அடிப்பாள் என்று நான் எழுந்து நின்றேன். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். அவள் போனை வாங்கி இடுப்பில் செருகினாள். கூடையில் மீனின் மேல் கிடந்த ஈரச் சாக்கை நன்றாக இழுத்து மூடினாள்.

“செத்த மனுசன இத்தன வருசம் திட்டிக்கிட்டே இருந்தேனே அண்ணே” என்றாள். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். தூக்கிவிடப் போன நீலமேகத்தின் கை அந்தரத்தில் நின்றது.

மறுநாள் நான் கடை திறக்க வரும்போது அவன் ஷட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். தூங்கிய கண் இல்லை. போனைக் காட்டினான். பாரதிப்ரியா ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேட்டிலிருந்து எடுத்தது. கீழே வெள்ளை மணல், காலை வெயில், ஒரு சொட்டு ஈரம் இல்லை. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ், புள்ளைங்க நல்லாருக்குங்க” என்றேன்.

“நல்லாருக்குங்க பாய்.” படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தண்ணி வரணும்னு வேண்டிக்கிட்டேன். புள்ளைங்க மேல போய்ட்டாங்கன்னு தெரிஞ்ச பொறவு, தண்ணி வந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். வந்தா, மாமா சொன்னது சரின்னு ஒரு எண்ணமாவது பாப்பாவுக்கு வரும்ல. எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க நான்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பொய்தான் சொன்ன, சரி, அதுல மழைய ஏண்டா சேத்த?” என்று கத்தினேன்.

“மழ இல்லாம வெள்ளம் வந்துச்சுன்னா நம்மூர்ல யாரு பாய் நம்புவா?” என்றான். நேற்று நானே நம்பவில்லை. குனிந்து ஷட்டரைத் தூக்கினேன்.

பூங்கொடி எங்கள் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காரியமாகத் திருவேட்டக்குடி போனவன் அவள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னாள். கூடத்தில் நேர் எதிரே கலைவாணன் படம். புது மாலை, பக்கத்தில் விளக்கு. டீ கொடுத்துவிட்டு அவள் நீலமேகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்தபோதுதான் பேசினாள்.

“பாய், அவரு வேணான்னு எப்படிச் சொன்னாருன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? என்ன வார்த்த சொன்னாருன்னு. எம் பொண்ணு தெனம் போன்ல கேக்குறா.”

கடைக்கு வந்து நீலமேகத்திடம் கேட்டேன். பழுதுக்கு வந்த பிரிட்ஜின் பின்பக்கம் குனிந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் யோசிக்கவும் இல்லை, தினமும் அதைச் சொல்லிப் பார்க்கிறவன் மாதிரி உடனே சொன்னான்.

“‘நீலமேகம், இது தண்ணி நடக்குற எடம்டா. எனக்கு இங்க தூக்கம் வராது. எம் பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் செய்யல. வாடா, மேல போவலாம்.’ இதான் பாய் சொன்னான்.”

“நீ என்ன சொன்ன?”

“நான் சிரிச்சேன். கடல்ல போறவன் காஞ்ச ஆத்துக்குப் பயப்படுறியா, மேட்டூர்ல சொல்லிட்டுத்தான்டா தண்ணி வுடுவான்னு சொல்லிச் சிரிச்சேன். நான் சிரிச்சதும் அவனுக்கு வெக்கமாப் போச்சு. படுத்துட்டான்.”

அன்று சாயங்காலமே மறுபடி திருவேட்டக்குடிக்குப் போனேன். கலைவாணன் சொன்னதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் பூங்கொடியிடம் சொன்னேன். பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் செய்யல என்ற இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவ்ளோ சொன்ன மனுசன் அப்புறம் எப்படி பாய் படுத்தாரு?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா” என்றேன்.