மூன்று முறை பயணம் சொன்னவர்

உள் அறையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. ஆண்பிள்ளையின் விம்மல். நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, தொண்டையில் தடுக்கி, மூக்கு வழியாக வெளியேறும் வகை. தைக்கக் கொண்டுபோன துணியை மடியில் வைத்துக்கொண்டு முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்த நான், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பாதி எழும்பிவிட்டேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த தையற்காரரின் மனைவி றைஸா தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்டுமில்ல. சொல்லிப் பழகுறார்" என்றார்.

விம்மல் நின்றது. தொண்டை செருமப்பட்டது. "என்னால உங்களுக்குக் குத்தம் குறை ஏதும் நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்று ஒரு குரல் சொன்னது. பிறகு அதே வசனம், 'அல்லாஹ்வுக்காக' என்ற இடத்தில் குரல் உடையும்படியாக, இன்னொரு தடவை. அடுத்த தடவை கேட்டபோது, பழகிப் பார்ப்பதுதான் என்று தெரிந்தும் என் கண்கள் நிறைந்துவிட்டன.

குறிஞ்சிப்பிட்டித் தையற்காரர் அத்தாஉல்லா ஊரை விட்டுப் போகப்போகிறார். அவர் ஊரை விட்டுப் போவது இது மூன்றாவது வருடம்.

அத்தாஉல்லாவுக்கு வயது அறுபதைத் தொடுகிறது. அளவு நாடா கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. கலியாண வீட்டுக்கும் அதோடுதான் போவார், மையத்து வீட்டுக்கும் அதோடுதான் போவார். குண்டூசிகளைத் தொப்பியின் ஓரத்தில் குத்தி வைப்பார். தொழுகையில் அவருக்கு அருகில் நிற்பவர்கள் ஸலாம் கொடுக்கும்போது கொஞ்சம் தள்ளியிருந்தே கொடுப்பார்கள். யாரோடு பேசினாலும் அவர் பார்வை முகத்தில் இராது, தோளில் இருக்கும். அங்கிருந்து மெல்ல இறங்கி இடுப்புக்கு வரும். அதனால் உடம்பு வைத்தவர்கள் அவரைத் தெருவில் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் சுகம் விசாரிப்பார்கள்.

யுத்த காலத்தில் அவர் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்தார். யுத்தம் முடிந்தது, கடற்படைச் சாவடிகள் குறைந்தன, எங்கள் காற்று நல்ல காற்று என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பெரிய பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு தண்ணீர் மேல் ஓடுவதற்காக அவர்கள் வந்து இறங்கினார்கள். பட்டம் என்றால் கிழியும். கிழிந்தால் தையற்காரர் வேண்டும். முதலாவதாக வந்த பட்டத்தை அத்தாஉல்லா அழகாக ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஓரத்தில் ஒரு பொக்கற்றும் வைத்துவிட்டார். "துணி எண்டா ஒரு பொக்கற் இல்லாம எப்படி?" என்பது அவருடைய நியாயம். வெள்ளைக்காரனுக்கு அது பெரிய அதிசயமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு கிழியாத பட்டங்களும் பொக்கற் வைப்பதற்காக அவர் வீட்டு வாசலுக்கு வந்தன.

ஆனால் அந்தப் பொக்கற்றுகளால் அவருடைய கோபம் தணியவில்லை. அவருடைய கடையின் சொந்தக்காரர் கடையைத் திருப்பி வாங்கி அதில் பழச்சாறு விற்கத் தொடங்கினார். தையல் மெஷின் வீட்டுக்குள் வந்தது. சூடை மீன்கூட ஹோட்டல் பக்கமாக நீந்தத் தொடங்கிவிட்டது என்பார். "வெள்ளைக்காரன் இளனி குடிக்கத் தொடங்கின நாள்ல இருந்து எங்கட தென்னையே எங்கள மதிக்கிதில்ல" என்பார். எல்லாவற்றிலும் பெரிய மனத்தாங்கல் அவருக்கு வெயில் மேல்தான். முன்பு அது சும்மா கிடந்ததாம். யாரும் திரும்பியும் பார்க்கவில்லையாம். இப்போது அதற்கும் ஆட்கள் விமானம் ஏறி வந்து, படுத்துக் கிடந்து, காசு கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். "நாங்க சும்மா காஞ்ச வெயிலு. அதையும் வித்துப்போட்டானுவள்."

மகள் ஷிம்லா கலியாணம் முடித்துப் போன இடம் எலுவன்குளம். குளமும் வயலும் நிழலும் உள்ள இடம். "அங்க வெயில் வந்தாலும் மரத்தைக் கேட்டுட்டுத்தான் கீழ இறங்கும்" என்று அத்தாஉல்லா சொல்லும்போது கேட்பவருக்கே உடம்பு குளிரும். காட்டோரம், யானை வருமாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். "வரும். ஆனா யானை வந்து காணி என்ன விலை எண்டு கேக்காது" என்றார்.

இங்கேதான் அவர் ஒரு பிழை விட்டார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி விடைபெறுவார்கள். செய்த பிழைகளைப் பொருந்தி மன்னிக்கக் கேட்பார்கள். அத்தாஉல்லா, போவதா விடுவதா என்று தீர்மானிப்பதற்கு முன்பே, பஸ் போகிற எலுவன்குளத்துக்கு அந்த முறையில் பயணம் சொல்லிவிட்டார். ஊர் உருகியது. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொடுத்தார்கள். வழியனுப்பும் சாமானாகத் துவாய்த் துண்டு கொடுத்தார்கள். அவர் போகவில்லை. அடுத்த வருடமும் சொன்னார். சாப்பாடு குறைந்து தேநீரானது. இந்த வருடம் ஒரு வீட்டில், "போன முறை தந்த துவாய் என்ன நிலமைல இரிக்குது?" என்று விசாரித்திருக்கிறார்கள். அந்தத் துவாய்களை எல்லாம் றைஸா ஒன்றோடொன்று இணைத்துச் சமைக்கிற குசினிக்குத் திரைச்சீலையாக்கிவிட்டார்.

பொதுவாகப் 'பொருந்திக்கங்க' என்று கேட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. உணர்ச்சி மேலிட்டால் அத்தாஉல்லாவுக்கு உண்மை வாயில் நிற்காது. யார் யாருடைய துணியில் எவ்வளவு மிச்சம் பிடித்தார், அதில் என்ன தைத்தார் என்பதை எல்லாம் அந்தந்த வீட்டிலேயே விம்மி விம்மிச் சொல்லியிருக்கிறார். ஒரு பெரியவருடைய கலியாண ஜுப்பா முழங்காலோடு நின்றதற்கு அவர் வளர்ந்தது காரணமில்லை என்பது முப்பது வருடம் கழித்து வெளியே வந்தது. இருந்தாலும் எல்லாரும் பொருந்தினார்கள். ஒரே ஒருவரைத் தவிர.

அவர், வேலிக்கு அந்தப் பக்கத்து அன்ரனிப்பிள்ளை. கடல் தொழிலாளி. மகள் மெரினாவின் கலியாணத்துக்கு அவருக்குக் கோட் தைத்துக் கொடுத்தவர் அத்தாஉல்லா. கோட்டின் இடது கை விரல் நுனியையும் தாண்டி நீண்டிருந்தது. கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் பெண்ணின் தகப்பன் ஒரு கையோடு நிற்கிறார். "அதை மட்டும் பொறுக்கமாட்டன், நானா" என்று முதல் வருடம், அத்தாஉல்லாவை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே கூப்பிடும் அன்ரனிப்பிள்ளை சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டான் பொருந்தாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று அத்தாஉல்லாவும் சாமான் ஏற்ற வந்த லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் வருடம் கையைத் திருத்திக் கொடுத்தார். அன்ரனிப்பிள்ளை தோள் சரியில்லை என்றார். மறுபடியும் லொறி வெறுமையாகப் போயிற்று. அந்த இரண்டு தடவையும் அத்தாஉல்லா மிகவும் மனம் நொந்தவராக இருந்தார் என்றும், இரவுச் சாப்பாட்டை மட்டும் இரண்டு கோப்பை நிறையச் சாப்பிட்டார் என்றும் றைஸா சொன்னார்.

றைஸா இந்த மூன்று வருடத்தில் போவோம் என்று சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. பெட்டி கட்டச் சொன்னால் கட்டினார். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்தார். ஆனால் நான் துணியோடு போயிருந்த அன்று முன்னறையில் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மறுநாள் விடிய மருமகன் றிப்னாஸ் லொறியோடு வருகிறான். லொறி புறப்பட்டதும் வீட்டைப் பூட்டும் திறப்பு ஒரு ஹோட்டல்காரர் கைக்குப் போகிறது. "இந்த முறை கட்டினதை நான் அவிழ்க்க மாட்டன். ஷிம்லாட வாப்பாட்டச் சொல்லியாச்சு" என்றார் றைஸா, தன் புருஷனைக் குறித்து. சொன்னதோடு நிற்கவில்லை. காலையில் வேலியோரம் போய் அன்ரனிப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஏதோ ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. றைஸாவின் முகம் கேட்கும்படியாக இருக்கவில்லை.

அன்று அந்தியில், நான் இருக்கும்போதே அன்ரனிப்பிள்ளை வந்தார். இடுப்பில் சாரமும் வெறும் மேலுமாக. அத்தாஉல்லா உள் அறையிலிருந்து கோட்டைக் கொண்டுவந்தார். தோளைப் பிரித்துக் கையைப் புதிதாக வெட்டி வைத்து, பார்வைக்காக ஒற்றை நூல் ஓட்டியிருந்தார். மெஷின் தையல் இனித்தான் போடவேண்டும். அதுவரை நூலின் நுனியை இழுத்தால் கை முழுவதும் கழன்று வந்துவிடும். சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அன்ரனிப்பிள்ளை விறைப்பாக நின்றார். வியர்வை காதோரம் வழிந்தது. அத்தாஉல்லா அவரைச் சுற்றி வந்தார். இழுத்தார், நீவினார், குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பிழை சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்ரனிப்பிள்ளை பிழை சொல்லவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"தோள்?"

"தோளும் நல்லாத்தான் இருக்கு. நான் பொருந்திட்டன் நானா. சுகமாப் போங்கோ."

அத்தாஉல்லாவின் முகம், அடுப்பில் வைத்த பால் இறக்கியதும் அடங்குவதுபோல் அப்படியே கீழே போயிற்று. மத்தியானம் முழுவதும் பழகிய விம்மல் அந்த நேரத்தில் வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு, "வாயால சொல்லுறீங்களா மச்சான், மனசாலயா?" என்று கேட்டார்.

"மனசாலதான்."

"முழுசா?"

"ஓம். இதுல அரைவாசி எப்படிப் பொருந்துறது?" அன்ரனிப்பிள்ளை எரிந்து விழுந்தார். குரல் அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. உடனே கோட்டின் பொத்தானைப் போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டித் தருகிறேன் என்றார் அத்தாஉல்லா. வேண்டாம் என்றார் அன்ரனிப்பிள்ளை. பயணம் போகிற வீட்டில் வேலை வைக்கக்கூடாது, இப்படியே மனைவி அல்பொன்சாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றார். றைஸா தேங்காய்ப் பூவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார். மூவரும் பெட்டிகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு அத்தாஉல்லா இரண்டு கைகளையும் விரித்தார்.

அணைத்துக்கொண்டார்கள். இந்தத் தோள், அந்தத் தோள், மறுபடியும் இந்தத் தோள். மீன் மணமும் சுண்ணாம்புக் கட்டித் தூளும் ஒன்றாய்க் கலந்த அந்தக் கடைசி அணைப்பு நீண்டுகொண்டே போயிற்று. என் கைக்குட்டை முழுவதும் நனைந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ அன்ரனிப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் அத்தாஉல்லாவின் விரல்கள் செய்ததை நான் உடனே காணவில்லை. றைஸா கண்டார். பெருவிரலும் சுட்டுவிரலும் தோள் மூட்டில் எதையோ தேடின, பிடித்தன, மெதுவாக, இழுப்பது தெரியாமல் இழுத்தன.

அன்ரனிப்பிள்ளை விலகி, யாருடைய முகத்தையும் பாராமல் வாசலில் இறங்கி நடந்தார். முற்றத்தின் நடுவில் போகும்போது கோட்டின் இடது கை தோளிலிருந்து கழன்று, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டை நோக்கி வழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது இன்னும் தெரியவில்லை. அத்தாஉல்லா ஒரு முழ நூலைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூப்பிட்டுச் சொல்லப்போகிறவர் போல றைஸா வாசல் நிலையருகே போனார். வாய் திறந்தது. திரும்பித் தன் புருஷனின் கையைப் பார்த்தார். பிறகு, கூப்பிடாமலே, அன்ரனிப்பிள்ளை வேலியை அடையுமுன், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.