ஆணி டீச்சரின் பின் டயர்

கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன்பே வாசலுக்குப் போய், என் மொபெட்டின் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். அநேகமாக விரல் உள்ளே போய்விடும். முந்தின நாள் மாலை கல் மாதிரி இருந்த டயர், காலையில் ஊறவைத்த ரொட்டி மாதிரி கிடக்கும். இங்கே இதைப் பெரிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கோலம் போட்டபடியே, "இன்னா டீச்சர், இன்னிக்கும் உக்காந்துடுச்சா?" என்று கேட்பார், டயர் ஏதோ களைத்துப்போன மனிதன் என்பதுபோல.

மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். காரணம், நான் டயர் கடைக்காரர் மகள். அப்பாவின் பெங்கெல்லில், அதாவது பட்டறையில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அந்தக் கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. டயரைக் கழற்றினால், அதைக் குத்திய பொருளை வெளியே எடுத்து, வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே நீட்டி, "நா, தெங்கோக்!" என்று சொல்ல வேண்டும். மலாயில், இந்தா, பார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஒட்டுவது, காசு வாங்குவது எல்லாம். அப்படி எடுத்த ஆணிகளை அப்பா ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். தவுக்கே என்று அழைக்கப்படும் சீன முதலாளிகள்கூட அந்தப் புட்டியைப் பார்த்துத்தான் அவரை நம்பினார்கள்.

அப்பாவின் பூர்வீகம் மணலூர்பேட்டைப் பக்கம். அங்கே ஓர் உறவுக் கல்யாணத்துக்கு வந்த நான், அந்தக் கல்யாணத்தில் சந்தித்த பள்ளி ஆசிரியரை மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவருக்கு வேலை கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில். சனிக்கிழமைதான் இறங்கி வருவார். நான் கீழே ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரப் பாடம் நடத்துகிறேன். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. ஒரு வருடம் கழித்து அம்மாவை அனுப்பினார். "போய்ப் பார். அவள் முகம் வாடியிருந்தால் கையோடு கூட்டி வா" என்று சொல்லி, திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். நானோ கடிதத்துக்குக் கடிதம், இங்கே எல்லாம் வசதி, சொந்த வண்டியில் ராணி மாதிரி போய்வருகிறேன் என்று எழுதியிருந்தேன். ராணியின் டயரைப் பற்றி எழுதவில்லை.

அம்மா வருவதற்குள் அந்த டயரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் பஸ் ஸ்டாண்டு ஏழுமலை கடை. மரத்தில் ஒரு பழைய டயர் தொங்கும், அதுதான் பெயர்ப்பலகை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார், குமிழி வந்தது, வட்டமாக ஒரு ஒட்டு போட்டார்.

"ஆணி எங்கங்க?" என்று கேட்டேன்.

"ஆணியா? அது இன்னாத்துக்கும்மா உங்களுக்கு?"

"எது குத்துச்சுன்னு பாக்கணும்."

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மந்திரிக்கவா?" என்றார்.

மறுநாள் டயர் உட்கார்ந்துவிட்டது. சேலம் ரோட்டில் பழனி கடைக்குப் போனேன். அவர் முழு நேரமும் என்னிடம் பேசாமல், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமே விவரம் சொன்னார். "ட்யூப் மேல வெயிட் ஜாஸ்தி சார். அம்மாவ பள்ளத்துல பாத்து வுடச் சொல்லுங்க." அந்த மனிதரும் பொறுப்பாகத் தலையாட்டி, என்னிடம் திரும்பி, "பாத்து வுடுங்கம்மா" என்றார். டயருக்குள் நானே கைவிட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "ஐயோ, கை அழுக்காயிடும், ஒக்காருங்க" என்று ஸ்டூல் போட்டார்கள். மரியாதையில் குறைவே இல்லை. ஆணி எங்கே என்று விடாமல் கேட்டதும் பழனி உள்ளே போய், மரவேலைப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு புது ஆணியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தாங்க. சந்தோசமா?" அவர் போட்ட ஒட்டு சதுரம்.

மூன்றாவது, மிலிட்டரி கடை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், அதனால் அந்தப் பெயர். அவரிடம் நான் அறிவியல்பூர்வமாகப் பேசினேன். வட்ட ஒட்டும் சதுர ஒட்டும் உள்ளங்கை அகலத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆகவே குத்துவது ட்யூபில் இல்லை, டயரில் இருக்கிறது என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த எடம் வீக்கு" என்று சொல்லி நீளமாக ஒரு ஒட்டு போட்டார்.

அம்மா சின்னசேலம் ஸ்டேஷனில் வந்து இறங்கும் நாளும் வந்தது. அது, இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். அன்றைக்கும் மறியல். பஸ் கிடையாது, கடை கிடையாது. கணவர் மலைமேல் மாட்டிக்கொண்டார். மறியல் தொடங்கும் முன் சின்னசேலம் போய்விடலாம் என்று விடியற்காலையிலேயே மொபெட்டில் கிளம்பினேன். பாதி வழியில் டயர் உட்கார்ந்துவிட்டது. வெயில் ஏற ஏறத் தள்ளிக்கொண்டு போனபோது, சாலையின் குறுக்கே புளியமரக் கிளைகள் கிடந்தன. பெரிய கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நின்றிருந்த லாரிகள் எல்லாம் காற்று இறங்கிக் குட்டையாகத் தெரிந்தன.

மறியலை நடத்தியவர் கையைக் காட்டினார். "வண்டி போவாதும்மா."

"நான் ஓட்டலீங்க. தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன்."

"தள்னாலும் வண்டி வண்டிதான். டேய் ஏழுமல, காத்த புடுங்கு."

பஸ் ஸ்டாண்டு ஏழுமலையேதான். குனிந்து, வால்வு மூடியைத் திருகி அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

"இன்னாடா, சத்தத்தயே காணோம்?"

"காத்தே இல்லண்ணே."

"நமக்கு முன்னாடி எவன்டா புடுங்குனது?"

ஏழுமலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அட, நம்ம ஆணி டீச்சரு!"

ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்திலிருந்து பழனி எழுந்து வந்தார். பின்னாலேயே மிலிட்டரி வந்தார். கடைகளை மூடிவிட்டதால் ஊரின் பஞ்சர்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். தினமும் காற்று அடிக்கிறவர்களுக்கு, அன்று காற்றைப் பிடுங்குகிற பொறுப்பு.

"உன் ஒட்டுதான் வுட்டுக்குது" என்றார் பழனி.

"என் ஒட்டு கல்லு மாரி கீது. உன் சதுரத்த பாரு, மூலை தூக்கிக்கினு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. அந்த எடம் வீக்கு" என்றார் மிலிட்டரி.

தொழில் சாமான் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவர் ஏழுமலை. பையைப் பிரித்தார். நடுரோட்டில் சக்கரம் கழன்றது. காலியாகிவிட்ட ஒரு மோர் அண்டாவில் தண்ணீர் ஊற்றினார்கள். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் இங்கே வந்து குமிழி பார்த்தார்கள். மறியலை நடத்தியவர் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"உங்க நாட்லயும் இந்த ஒதுக்கீடு கீதா?"

"இருக்குதுங்க, மலாய்க்காரங்களுக்கு. அதுல நாங்க வெளியில நிக்கிறவங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க எங்ககூட ஒக்காரலாம்" என்று துண்டை உதறித் தரையில் விரித்தார். அந்த நாட்டில் பல்கலைக்கழக இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த என் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சின்னசேலம் பக்கமிருந்து ஒரு கட்டை வண்டி வந்தது. மரச்சக்கரம், இரும்புப் பட்டை, இரண்டு மாடு. காற்றைப் பிடுங்கப் போனவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணே, இதுல புடுங்க ஒண்ணும் இல்லண்ணே!"

"வுடு, போவட்டும்."

வண்டிமேல் சிவப்புப் பெட்டி. பெட்டிமேல் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக என் அம்மா. ஒரு வருடம் கழித்துப் பார்க்கிற மகள், நடுரோட்டில், அத்தனை ஆண்களுக்கு மத்தியில், பிரித்துப்போட்ட டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டாவது டிக்கெட் அவர் கைப்பையிலிருந்து எட்டிப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அம்மா இறங்கி வந்தார். "பசியாறிட்டியா?" என்றார். ஈப்போவில் எல்லாப் பேச்சும் அப்படித்தானே தொடங்கும். பிறகு டயரைப் பார்த்தார். மூன்று பஞ்சர்க்காரர்களையும் பார்த்தார்.

"ஆணி எங்க?"

"ஐயய்யோ," என்றார் பழனி. "அம்மாவுக்கும் ஆணி வேணுமாம்டோய்!"

அம்மா கைக்குட்டையை எடுத்தார். யாரும் ஸ்டூல் போடுவதற்குள் மண்டியிட்டு, டயரின் உட்புறத்தில் அதை வைத்து மெதுவாகச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி மாட்டியது. நகத்தால் நெம்பி எடுத்து, ஏழுமலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நா, தெங்கோக்!"

ஒடிந்த கருவேல முள். ஏழுமலை அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இது ஆணி இல்லம்மா, முள்ளு. நான் அன்னிக்கே சொன்னேன், ஆணி இல்லன்னு!"

புது ஒட்டு போட்டு, சக்கரத்தை மாட்டி, காற்று அடித்தார்கள். மூவரும் மாறி மாறிக் கட்டைவிரலால் அமுக்கினார்கள். விரல் உள்ளே போகவில்லை. மிலிட்டரிகூடச் சிரித்தார். மறியலை நடத்தியவர் வந்து பார்த்தார். "ஆச்சா? ரொம்ப நல்லது. இப்ப புடுங்கு."

"அண்ணே! இப்பத்தானண்ணே..."

"லாரிக்காரன் பாத்துக்கினு கீறான். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

ஏழுமலை குனிந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அமுக்கினார். புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அந்த டயருக்குள் அவ்வளவு காற்று நிற்கும் என்பதை அன்றுதான் என் காதால் கேட்டேன்.

மொபெட்டைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து, அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கள்ளக்குறிச்சிக்குப் போனோம். ஊர் எல்லை வந்ததும் அம்மா, "இங்க பாரு, ஒரு வார்த்த சொல்லு. கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார்.

"நாளைக்கு ஏழுமலை வந்து காத்து அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காரும்மா. நிக்குதான்னு இருந்து பாக்கணும்."

அம்மா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் தனியாகத்தான் திரும்பிப் போனார், முள்ளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு.

அப்பாவிடமிருந்து எனக்கு நேராக வந்த முதல் கடிதம் அந்த முள்ளைப் பற்றியதுதான். புட்டியில் போட்டிருக்கிறாராம். ஆணிகள் கனத்தால் அடியில் இறங்கிவிடுகின்றனவாம். இது மட்டும், எப்படிக் குலுக்கினாலும், மேலே வந்து படுத்துக்கொள்கிறதாம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். ஏழுமலை ஒரு கரும்பு விவசாயியின் சைக்கிள் டயரிலிருந்து எதையோ நெம்பி எடுத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "நா, தெங்கோக்!" என்றார். விவசாயி பயந்து ஓரடி பின்னால் போனார். எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை. வண்டியை நிறுத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கிப் பின் டயரை அமுக்கிப் பார்த்தேன்.

காற்று இருந்தது.