சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

என் வீட்டுக்காரர் போன பிறகு, காரியத்துக்குப் பந்தி போட இடம் வேண்டுமென்று சொந்தக்காரர்கள் அவர் பொம்மை ரயில் ஓட்டும் மேசையைக் காலி செய்தார்கள். நான் அழுதுகொண்டிருந்த நேரம். தண்டவாளத் துண்டுகளையெல்லாம் கழற்றி, வெங்காயம் கொட்டுவதுபோல ஓர் அட்டைப்பெட்டியில் கொட்டிவிட்டுப் போனார்கள். பாவிகள்!

அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அந்தப் பொம்மை ரயில், பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றது. முதுநகரில், ஜங்ஷன் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, நிஜ ரயிலின் சத்தமே காதைக் கிழிக்கிற வீட்டில் இது வேறு எதற்கு என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். "வண்டி வருது, தள்ளி நில்லு" என்பார். அவ்வளவுதான் பதில்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இப்போது வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். கத்துவதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த ரயில் ஒரு தடவை ஓடிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

நானே பூட்டிப் பார்த்தேன். நேர்த் துண்டுகள் தொல்லை தரவில்லை. வளைவுகள்தான் உயிரை எடுத்தன. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூட்டி முடித்தால் பாதை சேராமல் ஒரு சாண் இடைவெளி நிற்கும். மாற்றி மாற்றிப் பூட்டினேன். இடைவெளி இடம் மாறியதே தவிர, மூடவில்லை.

சிதம்பரத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு, அவரும் ரயில் பைத்தியம். வளைவுகளைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாசஞ்சரில் ஏறிப் போனேன்.

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாது அண்ணி. பெரிய வளைவு, சின்ன வளைவு ரெண்டும் எண்ணிக்கையில சரிபாதி இருக்கும். அடியில போட்டிருக்கிற நம்பர வெச்சுத்தான் எது எதுன்னு தெரியும்" என்று சிநேகிதர் ஒன்றைத் திருப்பினார். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், சைக்கிள், ரயில் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார் என் வீட்டுக்காரர். தண்டவாளத்துக்கு மட்டும் அடியில். "மேல வெச்சா கரண்டு போவாது" என்பார். வருஷா வருஷம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து, நம்பர் சுத்தமாக மூடிப்போயிருந்தது.

சிநேகிதர் நகத்தால் சுரண்டப் போனார்.

"கைய எடுங்க தம்பி!"

நான் போட்ட சத்தத்தில் அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சந்தனத்தில் என் வீட்டுக்காரரின் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"வேணும்னா மொதல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கலாம் அண்ணி."

"போட்டோவுல அவர் வெரல் இருக்குமா?"

சிநேகிதர் வளைவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பாவம், அவர் என்ன செய்வார். எந்த நம்பர் பெரியது, எது சின்னது, எந்த வரிசையில் பூட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் நாள் கடத்தினேன். பிறகு ஒரு காலையில் ஈரத்துணியை எடுத்து உட்கார்ந்தேன். துணி பட்டதும் சந்தனம் மணத்தது. பூஜை அன்று அவர் கையில் வருகிற அதே வாசனை. ஒவ்வொன்றாக நம்பர் தெரிந்தது, ஒவ்வொன்றாக அவர் விரல் போனது. வாய்விட்டு அழுதுகொண்டேதான் துடைத்தேன்.

கடைசியில் ஒரே ஒரு வளைவு மிஞ்சியது. கையில் எடுத்தவள் துணியை வைக்காமல் நிறுத்தினேன். சரிபாதி என்றாரே! எண்ணிப் பார்த்தேன், மொத்தத்தில் பாதி, சின்ன வளைவுகள் எல்லாம் வந்துவிட்டன. அப்படியென்றால் இது பெரியதுதான். இதைத் துடைக்கவே வேண்டாம்.

சிநேகிதர் சொன்ன வரிசையில் மற்றதையெல்லாம் பூட்டி, கடைசியாகப் பொட்டோடு அதையும் பூட்டினேன். இடைவெளி மூடிக்கொண்டது. மற்றவற்றுக்கு இந்த வருஷ ஆயுத பூஜையில் நான் பொட்டு வைப்பேன், நம்பர் மறையாமல் கொஞ்சம் தள்ளி. இந்த ஒன்றைத் தொடமாட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். ரயில் நேர்ப் பாதையைத் தாண்டி, அவர் பொட்டு வைத்த வளைவில் ஏறி, என் பக்கம் திரும்பி வந்தது. "தள்ளி நில்லு" என்று சொல்ல யாரும் இல்லை. நானே தள்ளி நின்றேன்.